ஜோடியாக ஒரு நாள்: தஞ்சாவூரா, கும்பகோணமா?

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஊர் சுற்ற ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், என் ஓட்டு தஞ்சாவூருக்கு. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் கல் தரையில் கால் வைக்க முடியாது. அப்புறம் அரண்மனைக் கலைக்கூடம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவனின் செப்புத்திருமேனியைத் தவறவிடாதீர்கள். காளை இல்லை, ஆனாலும் அதன்மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கும் ஒய்யாரம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் தேவி. இந்த ஜோடிக்காக மட்டுமே தஞ்சாவூர் போகலாம் என்பேன்.

கும்பகோணத்தில் மகாமகக் குளம், கும்பேசுவரர், சாரங்கபாணி எல்லாம் நடந்தே பார்க்கலாம், நடுவில் டிகிரி காபி. ஆட்டோ பிடித்தால் தாராசுரம் பக்கம்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில். தேர்போல் சக்கரமும் குதிரையும் பூட்டிய மண்டபம், ஒரே தலையில் காளையும் யானையும் தெரியும் சிற்பம். சிற்பத்தில் ஆசை உள்ளவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் நடுப்பகலில் கோயில்கள் நடை சாத்திவிடும், அந்த நேரத்தைக் கழிப்பது சிரமம். தஞ்சாவூரில் அரண்மனை இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

பெரிய கோயிலை ஏற்கெனவே பார்த்தவர்கள் மட்டும் கும்பகோணத்தை முதலில் வைத்துக்கொள்ளலாம்.