“வேர் உள்ளே நின்றுவிட்டது” என்று பயமுறுத்துகிறார்கள்: பால் பல் விழும் வயதில் பிள்ளை உள்ள வடசென்னைப் பெற்றோருக்கு

தானாக ஆடி விழுந்த பால் பல்லைக் காரணம் காட்டி, “வேர் உள்ளேயே முறிந்து நிற்கிறது, ஈற்றை அறுத்து எடுக்க வேண்டும்” என்று எந்தக் கிளினிக்கிலாவது சொன்னால், பணம் எதுவும் கட்டாமல் பிள்ளையை முதலில் வேறொரு மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் பகுதியிலுள்ள ஒரு தனியார் பல் கிளினிக்கில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளுக்கு இதைத்தான் சொன்னார்கள். அவர்கள் அறுத்து எடுக்க நாள் குறித்தது, அவள் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டிய புதுப் பல்லை.

கீழ்வரிசை முன்பல் ஒன்று சில வாரங்களாக ஆடிக்கொண்டிருந்து, முறுக்கு கடிக்கும்போது விழுந்தது. இரத்தம் கொஞ்சம்தான் வந்தது, பஞ்சை வைத்து அழுத்தியதும் நின்றுவிட்டது. ஆனால் பல் விழுந்த குழிக்குச் சற்றுப் பின்னால், ஈற்றில் வெள்ளையாக ஏதோ முனை தெரிந்ததால், ஒரு முறை காட்டிவிடலாம் என்றுதான் அழைத்துச் சென்றோம். அங்கே இருந்தவர் குழந்தையின் வாயை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைக் கணினித் திரையில் நொடிப்பொழுது காட்டி, அந்த முனைதான் முறிந்த வேர் என்றும், மஞ்சளாக இருப்பதால் அழுகத் தொடங்கிவிட்டது என்றும், விட்டால் தாடை எலும்புக்குப் பரவும் என்றும் குழந்தையின் காதுபடவே சொன்னார். ஊசி போட்டு அதை எடுத்து, பக்கத்தில் லேசாக ஆடும் பல்லையும் பிடுங்கி, இடைவெளி மூடாமலிருக்க ஒரு கம்பி மாட்ட ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். தேதி வேண்டுமென்றால் இரண்டாயிரம் முன்பணம் கட்ட வேண்டும் என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் அன்றிரவு முழுவதும் அழுதாள். பணத்தைவிட எனக்கு ஆத்திரம் தருவது அதுதான்.

சந்தேகத்தை முதலில் எழுப்பியவர் என் அம்மா. விழுந்த பல்லைச் சாணியில் வைத்துக் கூரை மேல் எறிய வேண்டும் என்பதற்காக ஒரு சின்ன டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்த அவர், அதை எடுத்துக் காட்டி, “வுழுற பல்லுக்கு ஏதுடா வேரு? உனக்கும் இப்படி மொட்டையாத்தான் வுழுந்துச்சு” என்றார். ஆயா சொன்னதைக் கேட்டுத்தான் மகளுக்கும் சற்றுத் தைரியம் வந்தது.

அந்தப் பல்லையும் எடுத்துக்கொண்டு, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போனோம். அங்கே ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கியதை, மற்ற பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். பால் பல்லுக்கு வேர் உண்டு. ஆனால் அடியிலிருந்து நிரந்தரப் பல் மேலே வர வர அந்த வேர் சிறிது சிறிதாகக் கரைந்துபோகிறது, பிடிமானம் போன பிறகுதான் பல் ஆடி விழுகிறது. அதனால்தான் விழுந்த பல்லின் அடிப்பகுதி மொட்டையாகவும், நடுவில் சிவந்த குழியாகவும் இருக்கிறது. கீழ் முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும்போது புதுப் பல் அவற்றுக்குப் பின்பக்கமாகத் தலைகாட்டுவது சாதாரணம். பால் பல் போன பிறகு நாக்கின் அழுத்தத்தில் அது பெரும்பாலும் முன்னால் நகர்ந்துவிடும். புதுப் பல்லின் விளிம்பு ரம்பத்தைப் போல மூன்று சிறு மேடுகளுடன் இருக்கும். பால் பற்களுக்குப் பக்கத்தில் பார்த்தால் அது மஞ்சளாகத் தெரிவதும் இயல்பே, அழுகல் இல்லை. எங்கள் மகளின் ஈற்றில் தெரிந்த முனையிலும் அந்த மேடுகள் தெளிவாக இருந்தன. கம்பி என்பது சொத்தையால் கடைவாய்ப் பால் பல்லை உரிய காலத்துக்கு முன்பே எடுக்க நேரும்போது வைப்பது என்றும், வயதுக்கு விழுந்த முன்பல்லுக்கு அதற்கு வேலையே இல்லை என்றும் அவர் சொன்னார்.

கீழே விழுந்தோ அடிபட்டோ பால் பல் உடைந்தால் வேர் உள்ளே தங்குவது உண்டு. ஈறு வீங்கினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும், அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். எல்லாப் பல் மருத்துவரையும் சந்தேகிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை.

திரும்பவும் அந்தக் கிளினிக்குக்குப் போய் முன்பணத்தையும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டபோது, படம் கணினியில் அழிந்துவிட்டது என்றார்கள். முன்பணம் திருப்பித் தரப்படாது என்றார்கள். எங்களுக்குத் தந்திருந்த சீட்டில் தொகை மட்டும்தான் இருந்தது. மகளைப் பார்த்தவரின் பெயரோ பதிவு எண்ணோ அதில் இல்லை, கேட்டும் சொல்லவில்லை. சட்டப்படி பதிவு பெற்ற பல் மருத்துவர் மட்டுமே இந்தத் தொழிலைச் செய்ய முடியும், தமிழ்நாட்டில் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில். எனவே எந்தக் கிளினிக்கிலும் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவான செயல் ஆகாது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் நாங்கள் புகார் பதிந்திருக்கிறோம், கவுன்சிலுக்கும் எழுதியிருக்கிறோம்.

உங்கள் பிள்ளைக்கு யாராவது இப்படி நாள் குறித்திருந்தால், விழுந்த பல்லைத் தூக்கி எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஒரு முறை போய்வாருங்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு அடுத்ததுதான் கோட்டை நிலையம், இறங்கினால் நடக்கும் தூரம். புறநோயாளிகள் கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். எக்ஸ்ரே ஏற்கெனவே எடுத்திருந்தால், அந்தக் கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன்பே படத்தை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.