வீட்டுக் கைப்பக்குவத்தைச் சேமிக்க: நோட்டா, வீடியோவா?

அம்மா, பாட்டி சமையலை எதில் பதிந்து வைப்பது என்று தயங்குபவர்களுக்கு.

அளவு
நோட்டு: "ஒரு கைப்பிடி" என்று எழுதிப் பயனில்லை, யாருடைய கை? சமைக்கும் முன் ஒவ்வொரு டப்பாவையும் எடை போடுங்கள், முடிந்ததும் மறுபடி போடுங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் அளவு. நடுவில் சமைப்பவரை அளக்கச் சொல்லாதீர்கள். கைப்பழக்கம் தடுமாறினால் ருசியும் மாறிவிடும்.
வீடியோ: கிராம் தெரியாது.

பக்குவம்
நோட்டு: "பொன்னிறமாக" என்பதோடு நின்றுவிடும்.
வீடியோ: இதில் ஈடில்லை. நிறம், கொதிக்கும் வேகம், கரண்டியிலிருந்து வழியும் பதம் எல்லாம் தெரியும். மின்விசிறியை அணைத்தால் பொரியும் சத்தமும் கேட்கும். போனைப் பாத்திரத்துக்கு நேர்மேலே வைத்தால் ஆவி லென்ஸை மூடும். பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

ஆயுள்
நோட்டு: பல ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டால் கரையும், பென்சில் கரையாது.
வீடியோ: போன் போனால் அதுவும் போகும். வேறு இடத்தில் இன்னொரு பிரதி கட்டாயம்.

அன்றாடம் சமைக்க நோட்டு போதும். பதம் பார்த்துக் கற்கவும், அவர் குரலைக் கேட்கவும் வீடியோதான். சமைப்பவர் வயதானவர் என்றால் முதலில் வீடியோ எடுங்கள், தராசில் தெரியும் எடையையும் கேமராவுக்குக் காட்டி. அதிலிருந்து நோட்டைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.