பரோலோ 2010: மட்டக்களப்பு வெக்கையில் திறந்த ஒரு முதிர்ந்த வைன்

சிவப்பு வைன் என்றால் கருகருவென்று இருக்கவேண்டும் என்று நினைப்பவர்களைப் பரோலோ முதலில் ஏமாற்றும். கிளாசுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிகிறது. நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். பரோலோ செய்யும் நெபியோலோ திராட்சைக்கு இயல்பிலேயே நிறம் குறைவு, வயதாக ஆகச் செம்மஞ்சளுக்குப் போகும். ஆனால் துவர்ப்பிலும் புளிப்பிலும் அதை மிஞ்சும் திராட்சைகள் குறைவு.

இத்தாலியின் பலெர்மோவில் வேலை செய்யும் அத்தான் கல்லடிக்கு வந்தபோது கொண்டுவந்த போத்தல் இது. வைன் விளைந்த இடம் வட இத்தாலியின் பியெமொன்தே மாநிலம், கிராமம் செராலுங்கா தால்பா. பரோலோ விளையும் 11 கிராமங்களில் முறுக்கான வைனுக்குப் பெயர்போனது இதுதான். அவற்றில் இன்னொன்றான லா மொர்ராவில் விளைவது மென்மையாக இருக்கும். சட்டப்படி 38 மாதம் முதிரவேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ஆகவே 2010 அறுவடை 2014க்கு முன் கடைக்கு வந்திருக்கவே முடியாது. அதற்குப் பிறகு போத்தலுக்குள் கழிந்த வருடங்கள்தான் இதன் அழகு.

வைனை அறை வெப்பநிலையில் குடிக்கவேண்டும் என்று சொல்வார்கள். அது ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது. நமது 30 பாகையில் ஊற்றினால் மதுசாரம்தான் மூக்கில் ஏறும், வாசம் அதற்குள் அமுங்கிவிடும். 16 முதல் 18 பாகை போதும். நான் சில நாட்கள் பிரிட்ஜில் நிமிர்த்தி வைத்து, மண்டி அடியில் படிந்த பிறகு மெதுவாகக் கண்ணாடி ஜக்கில் ஊற்றி வைத்தேன்.

ஊற்றிய உடனே பெரிதாக ஒன்றும் இல்லை, தோலும் ஈர மண்ணும் மாதிரி ஒரு மூட்டம். ஒரு மணித்தியாலம் போனபின்தான் திறந்தது. காய்ந்த ரோசா இதழ், அதிமதுரம், புகையிலை, அடியில் வெயிலில் இளகும் வீதியின் தார் மணம். ரோசாவும் தாரும் ஒன்றாக வருவது பரோலோவின் அடையாளம் என்று எப்போதும் சொல்வார்கள். அது சும்மா பேச்சில்லை. வாயில் புளிப்பு இன்னும் துடிப்பாக இருக்கிறது. துவர்ப்பு ஈறைப் பிடித்தாலும் முரடாக இல்லை. விழுங்கிய பிறகும் அதிமதுரம் நெடுநேரம் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான்.

சரி, சாப்பாடு. வாவி நண்டுக்கறியோடு வேண்டாம். துவர்ப்பு உறைப்பை ஏற்றிவிடும், இரண்டும் கெட்டுப்போகும். அக்கா மிளகாயைக் குறைத்து மிளகு போட்டுச் செய்த ஆட்டிறைச்சிப் பிரட்டல் அருமையாகப் பொருந்தியது. கொழுப்பு துவர்ப்பை அடக்குகிறது. “இதுக்கு இனிப்பே இல்லையே தம்பி” என்றா அக்கா. உண்மைதான், இனிப்பு எதிர்பார்ப்பவர்கள் இதற்குக் காசு செலவழிக்கவேண்டாம்.

பொறுமையாக மணந்து குடிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் தாராளமாக வாங்கலாம். அன்றிரவே முடித்துவிடுங்கள். மறுநாள் மிச்சத்தைச் சுவைத்தபோது ரோசா போய்விட்டது, புளிப்பு மட்டும்தான் இருந்தது.