அத்தையின் கருவாட்டுக் குழம்பும் பூட்டுப் போட்ட பெட்டியும்

டிவி ரெக்கார்ட் செய்ய நான் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி, ஆனால் இலவசமான இயங்குதளம்) பக்கம் போனது ஆசையில் இல்லை, ஆத்திரத்தில். காசிமேட்டு அத்தை ஒரு சேனலின் சமையல் நிகழ்ச்சியில் கருவாட்டுக் குழம்பு வைத்தார். தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. டிடிஎச் பெட்டியின் பின்னால் ஹார்ட் டிஸ்க் சொருகி ரெக்கார்ட் போட்டிருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில் பெட்டியின் போர்டு போய்விட்டது. கம்பெனி ஆள் புதுப் பெட்டி வைத்துவிட்டுப் போனார். பழைய டிஸ்க்கை அதில் சொருகினால், ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது! கம்ப்யூட்டரில் போட்டால் ஃபைல் தெரிகிறது, ஓடவில்லை. ரெக்கார்ட் ஆனதெல்லாம் அந்தப் பழைய பெட்டியின் சாவியால் பூட்டப்பட்டவையாம், பெட்டி செத்ததும் சாவியும் போயிற்று. "என்னடா, என் கொழம்பு எங்க?" என்று அத்தை இரண்டு தீபாவளிக்குக் கேட்டார்.

அப்பா பர்மா பஜாரில் வாங்கிய விசிஆர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, நம் வீட்டுக் கேசட் பக்கத்து வீட்டிலும் ஓடும். அமெரிக்காவில்கூட, வீட்டில் ரெக்கார்ட் செய்து பிறகு பார்ப்பது திருட்டு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொல்லிவிட்டது.

சரி, இப்போது என்னிடம் இருப்பது: பழைய டெஸ்க்டாப், அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகை, டிஷ் சிக்னலை வாங்கும் ஒரு டிவிபி-எஸ்2 டியூனர் கார்டு, ரெக்கார்ட் செய்ய டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருள், டிவியில் பார்க்க கோடி (Kodi) என்ற மென்பொருள். 2002-ல் தொடங்கிய மித்டிவி என்ற ரெக்கார்டிங் மென்பொருளைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன், விளம்பரத்தைக் கண்டுபிடித்துத் தாண்டும் வசதி அருமை, ஆனால் டேட்டாபேஸ் அமைப்பதற்குள் பொறுமை போய்விட்டது. மொட்டைமாடி டிஷ், கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்த்தபடி தென்கிழக்கே திரும்பியிருக்கிறது. தூர்தர்ஷனின் இலவச சேவையான டிடி ஃப்ரீ டிஷ்தான், சந்தா கிடையாது. டிடி தமிழ் பூட்டில்லாமல் வருகிறது. வந்த சிக்னலை அப்படியே ஃபைலாக எழுதிவிடுகிறது, ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை ஜிபி போல. அந்த ஃபைல் போனில் ஓடும், தங்கச்சி வீட்டு லேப்டாப்பிலும் ஓடும்.

நாலு வருடமாக ஓடுகிறது. நிகழ்ச்சி நேரம் முன்னே பின்னே ஆவதால் இரண்டு பக்கமும் பத்து நிமிடம் சேர்த்தே போடுவேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் டியூனரை இயக்கும் டிரைவர் மென்பொருளை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அது பெரிய ரோதனை. கடல் உப்புக் காற்றில் டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி இரண்டு முறை துருப்பிடித்தது. மற்றபடி குறை சொல்ல முடியாது.

ஆனால் மாதாமாதம் காசு கட்டும் சேனல்களை இதில் எடுக்கவே முடியாது. சிக்னல் கார்டுக்கு வருகிறது, பூட்டோடு வருகிறது, திறக்கும் சாவி டிடிஎச் பெட்டிக்குள். இந்த மாதிரி இலவச மென்பொருள் எழுதும் ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு அதை யாரும் கொடுக்க மாட்டார்கள்; நிரல் முழுக்க எல்லோர் கண்ணுக்கும் தெரியும்போது சாவியை எங்கே ஒளித்து வைப்பது? பெட்டியின் எச்டிஎம்ஐ-யில் படத்தைப் பிடிக்கும் கேப்சர் கார்டு போட்டால், நகல் எடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி பூட்டு வந்து கறுப்புத் திரை காட்டுகிறது. அதற்குக் குறுக்கு வழி விற்கிறார்கள், நான் போகவில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் 65ஏ என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை. அத்தை குழம்பைச் சேமிப்பது மீறும் நோக்கமா என்று வக்கீலிடம் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை.

எரிச்சல் என்னவென்றால், புதுப்படத்தைத் திருடி விற்கிறவன் இந்தப் பூட்டால் நின்றதாக நான் பார்க்கவில்லை. மாட்டுவது சந்தா கட்டுகிற நாம்தான். இலவசமாக வருவது என் கையில் நிற்கிறது, காசு கொடுத்தது நிற்கவில்லை. அமெரிக்காவில் இலவச ஒளிபரப்பும் கட்டுப்பாடில்லாமல் பரவாமல் இருக்க அதற்குள் ஓர் அடையாளம் வைத்து, எல்லா ரிசீவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று 2003-ல் விதி போட்டார்கள். அமலுக்கு வரும் முன்பே 2005-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இல்லாவிட்டால் என்னுடையது மாதிரிப் பெட்டிகள் அங்கே அன்றே முடிந்திருக்கும்.

அத்தையை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், இந்தத் தடவை நெத்திலி வறுவல். அதுவும் கட்டணச் சேனல்தான். டிவிக்கு எதிரே ஸ்டாண்டில் போனை வைத்து எடுக்கப்போவதாகத் தம்பி சொல்கிறான். ஃபேன் சத்தம் விழாமல் இருக்க, அந்த அரை மணி நேரம் எல்லோரும் வியர்த்துக்கொண்டு உட்கார வேண்டுமாம்.