காலை ஆறரை மணிச் சத்தம்

மார்கழி பிறந்த மறுநாள் திருச்சியில் இறங்கினேன். அங்கிருந்து 90 கிலோமீட்டர் காரைக்குடி. வழக்கமாக வாடகைக் காரில்தான் எல்லாச் சுற்றலும் நடக்கும். இந்த முறை அப்பாவின் வேகன் ஆரை ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். 2013 மாடல், பெட்ரோல் வண்டி, 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. சிங்கப்பூராக இருந்தால் வண்டி வைத்திருக்க அரசிடம் வாங்கும் பத்து வருட அனுமதியான சிஓஈ முடிந்ததும் உடைக்கப் போயிருக்கும், அல்லது அதைப் புதுப்பிக்க யாராவது கொள்ளைக் காசு கட்டியிருப்பார்கள். இங்கே உறை போட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, வீட்டில் ஒரு ஆள் மாதிரி வாசலில் நின்றது.

காலையில் சாவியைத் திருப்பினேன். வண்டி கதறியது. வேறு வார்த்தை தெரியவில்லை. கோயில் ஸ்பீக்கரில் மார்கழிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதையும் மீறிக் கேட்டது. எதிர்வீட்டு ஆச்சி கோலப்பொடியோடு நிமிர்ந்து பார்த்தார். "யாரு வீட்லடா கோழி அறுக்குறீக?" என்றார். இரண்டு நிமிடம் போனதும் சத்தம் தானாக அடங்கியது. பிறகு நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை மறுபடி அதே கதறல்.

நான் சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். பெரிய ஏசி மெஷின்களின் பெல்ட்டை மாற்றி மாற்றிக் கை காய்த்தவன். மோட்டார் போட்டவுடன் நாலு விநாடி கீச்சிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சொந்த ஊரில், அப்பாவின் வண்டி முன்னால் அதெல்லாம் மறந்துபோய், 'இன்ஜினே போச்சோ' என்றுதான் முதலில் பயம் வந்தது.

முதலில் பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒருவரிடம் காட்டினேன். கேட்டு முடிப்பதற்குள் டப்பாவை எடுத்து பெல்ட் மேல் ஏதோ ஸ்பிரே அடித்துவிட்டார். இருநூறு ரூபாய். அடுத்த இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் முன்பைவிட ஓங்கிக் கத்தியது. பெல்ட்டில் சோப்பு தேய்ப்பது, எண்ணெய் விடுவது எல்லாம் இந்த வகை வைத்தியம்தான். பெல்ட் வேலை செய்வதே பிடிமானத்தால். அதில் வழுக்குகிற சாமானைத் தடவினால் சத்தம் கொஞ்ச நேரம் மட்டுப்படும், வழுக்கல் கூடும். எண்ணெய் ரப்பரையும் ஊற வைத்துவிடும். இதெல்லாம் தெரிந்தவன், அவர் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்தது ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். அவர்களிடம் குறை சொல்ல முடியாத விஷயங்கள் உண்டு. போனில் நேரம் கொடுத்தார்கள், சொன்ன நேரத்துக்கு வண்டியை உள்ளே விட்டார்கள், ஏசி அறையில் காபி, கடைசியில் தண்ணீர் அடித்துக் கழுவியும் கொடுத்தார்கள். ஆனால் எனக்குக் கிடைத்தது காலை பதினொரு மணி. வீட்டிலிருந்து ஓட்டிப் போவதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது, வண்டி பூனை மாதிரி நின்றது. ஜாப் கார்டில் 'சத்தம் கேட்கவில்லை' என்று எழுதினார்கள். அது நேர்மை. அதற்கடுத்த வரியில், பெல்ட்டால் சுழன்று பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை முழு செட்டாக மாற்ற 11,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள். கேட்காத சத்தத்துக்கு எப்படி இது என்று கேட்டேன். நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதும் கீச்சென்று வருகிறது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா, அதை வைத்து, "பவர் ஸ்டியரிங் பம்பாவும் இருக்கலாம் சார், பிரிச்சாத்தான் தெரியும்" என்றார் அட்வைசர் பையன்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. இந்த வண்டியில் பவர் ஸ்டியரிங்குக்கு ஆயிலும் கிடையாது, பம்பும் கிடையாது. மின்மோட்டார்தான் திருப்புகிறது. பணம் கட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் பம்பு இல்லாத வண்டி ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஏன் கத்த வேண்டும்? அது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

செக்காலைப் பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறார், வேப்பமரத்தடிப் பட்டறை. அப்பாதான் அனுப்பினார். சாயங்காலம் போனேன். பானெட்டைத் திறக்கவே இல்லை.

"எப்பண்ணே கத்துது?"

"காலையில மட்டும். ரெண்டு நிமிஷம்."

"லைட்டுப் போட்டா கூடுதா? மழை ஈரம் இருந்தா?"

இரண்டுக்கும் ஆமாம். வண்டி எத்தனை நாளைக்கு ஒருதடவை ஓடுகிறது என்று கேட்டார். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் ஓட்டவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு நாளைக்கு ஒருதடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டு அணைப்பான் என்றேன். சிரித்தார்.

"இப்பப் பாத்தா ஒண்ணும் தெரியாதுண்ணே. காலையில ஆறரைக்கு வீட்டுக்கு வர்றேன். ராத்திரி யாரும் சாவி போட வேணாம்."

சொன்னபடி வந்தார். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு பை. அதில் மல்டிமீட்டர், நீளமான ஸ்க்ரூ டிரைவர், மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில். என் வேட்டியைப் பார்த்து, "தள்ளி நில்லுங்கண்ணே, பெல்ட் இழுத்துரும்" என்றார். ஸ்டார்ட் செய்யும் முன்பே பேட்டரியில் மீட்டர் வைத்தார். 12.1 வோல்ட். முழுசாக ஏறிய பேட்டரி 12.6 காட்டும், இது பாதிதான்.

ஸ்டார்ட். கதறல். ஹெட்லைட், புளோயர் இரண்டையும் போடச் சொன்னார்: ஏறியது. அணைக்கச் சொன்னார்: இறங்கியது. ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொன்னார்: மறுபடி ஏறியது. பிறகு பெல்ட்டின் வரி போட்ட உள்பக்கத்தில் பாட்டிலால் நாலு சொட்டு பீய்ச்சினார். சத்தம் இன்னும் கூடியது. "தண்ணி பட்டா அடங்கிருச்சுன்னா பெல்ட் ஓடுற சக்கரம், புல்லி, நேர்கோட்டுல இல்ல. அது குருவி கத்துற மாதிரி விட்டுவிட்டுக் கத்தும். தண்ணி பட்டுக் கூடுனா பெல்ட் வழுக்குது." என் வேலையிலும் இதே சோதனை உண்டு, ஆனால் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காது எலும்பில் வைத்து, முனையை ஆல்டர்னேட்டர் உடம்பில் வைத்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். மெல்லிய ரீங்காரம், வேறொன்றுமில்லை. பேரிங் போயிருந்தால் மண் அரைக்கிற மாதிரி 'கர்ர்' என்று கேட்குமாம், அதுவும் சூடானபின் அடங்காதாம். ஆக 11,000 ரூபாய் ஆல்டர்னேட்டர் அங்கேயே பிழைத்தது.

இன்ஜினை அணைத்து பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டியது, இரண்டைத் தாண்டிப் போனது. கழற்றிக் காட்டியபோது வரிகள் கண்ணாடி மாதிரி பளபளத்தன, பங்க் ஸ்பிரே வாடை வேறு. வெடிப்பு மட்டும் ஒன்றுகூட இல்லை. இப்போதைய பெல்ட் ரப்பர் பழையது மாதிரி வெடிக்காது, தேய்ந்து பள்ளம் ஆழமாகும். வெடிப்பைத் தேடிவிட்டு 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிடக்கூடாது. புல்லிகளைக் கையால் சுழற்றிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. பெல்ட்டே இல்லாமல் அரை நிமிடம் இன்ஜினை ஓட்டினார், சத்தமே இல்லை. அதற்குமேல் ஓட்டக்கூடாது, ஏனென்றால் தண்ணீர் பம்பையும் சுற்றுவது அதே பெல்ட்தான். இவ்வளவுக்கும் அதன் பெயர் இன்னமும் ஃபேன் பெல்ட். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்துக்கு மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

ஸ்டியரிங் மர்மமும் அங்கேயே தீர்ந்தது. நிற்கிற வண்டியில் ஸ்டியரிங் மோட்டார் ஏகப்பட்ட கரன்ட் இழுக்கும். அந்தச் சுமை ஆல்டர்னேட்டருக்கு ஏறும், தளர்ந்த பெல்ட் வழுக்கும். காலைக் கதறலும் அதே கணக்குதான். பாதி காலியான பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் முதல் சில நிமிடம் முழுமூச்சில் உழைக்கிறது, அதைச் சுற்றக் கனக்கிறது. மார்கழிப் பனி ஈரம் வேறு. பேட்டரியின் பசி கொஞ்சம் அடங்கி, பெல்ட்டும் சூடேறிப் பிடித்ததும் வாயடைத்துவிடுகிறது.

சரி, பேட்டரி ஏன் காலியானது? அது நான் செய்த வேலை. ஒவ்வொரு ஞாயிறும் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, "வண்டியை ரெண்டு நாளைக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடச் சொல்லுங்கப்பா" என்று சொன்னது நான்தான். ஸ்டார்ட் செய்ய எடுக்கும் கரன்ட்டை, தளர்ந்த பெல்ட்டோடு, ஓடாமல் நின்றபடி ஐந்து நிமிடத்தில் முழுசாகத் திருப்பி நிரப்புவது கஷ்டம். மூன்று மாதமாகப் பேட்டரியிலிருந்து சிறுகச் சிறுக எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். மெக்கானிக் இதை நேராகச் சொல்லவில்லை. "யாரோ தப்பா சொல்லிக் குடுத்திருக்காங்கண்ணே" என்றார். அப்பா என்னைப் பார்த்தார், நான் பானெட்டைப் பார்த்தேன்.

பெல்ட் வாங்க நானே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். பழைய பெல்ட்டின் முதுகில் இருக்கும் எண்ணைக் காட்டினால் போதும். 'பிகே'வுக்கு முன்னால் இருப்பது வரிகளின் எண்ணிக்கை, பின்னால் இருப்பது மில்லிமீட்டரில் நீளம். ஏசி பெல்ட்டும் அதே வயது என்பதால் இரண்டையும் வாங்கினேன், 980 ரூபாய். கம்பியால் ஆல்டர்னேட்டரை நெம்பிப் பிடித்து போல்ட்டை முடுக்கினார். பாதி முடுக்கி, விரலால் அழுத்தி, மறுபடி கொஞ்சம். "ரொம்ப இறுக்குனா சத்தம் வராது, ஆனா ஆறு மாசத்துல பேரிங் போயிரும். அப்பத்தான் நெசமாவே ஆல்டர்னேட்டர் மாத்தணும்." பேட்டரியைக் கடையில் ஒரு ராத்திரி மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் சொன்னார். 150 ரூபாய். மாற்றத் தேவைப்படவில்லை.

கூலி 400 என்றார். வீட்டுக்கு வந்ததற்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன், ஐந்நூறாக வாங்கிக்கொண்டார். புதுப் பெல்ட் ஓடி ஓடிக் கொஞ்சம் இழுபடும் என்பதால் மூன்றாம் நாள் வந்து மறுபடி இறுக்கிவிட்டுப் போனார், அதற்குக் காசு இல்லை. பட்டறையில் பில் புத்தகம் கிடையாது, உட்கார நாற்காலியும் ஒன்றுதான். பில் வேண்டும், வாரண்டி வேண்டும் என்பவர்கள் அங்கே போக வேண்டாம். பெரிய வேலைக்கு நானும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போவேன். ஆனால் ஒரு சத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அது கேட்கிற நேரத்துக்கு வீடு தேடி வருகிறவர்தான் வேண்டும்.

இப்போது பக்கத்து வீட்டுப் பையன் வாரம் ஒருநாள் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு பிள்ளையார்பட்டி வரை ஓட்டிப் போய் வருகிறான், போக வர அரை மணிக்குமேல் ஆகும். கழற்றிய பெல்ட்டை நான் குப்பையில் போட்டேன். அப்பா அதை எடுத்துக் கழுவிக் காயவைத்துக் கொல்லைக் கதவுக்குக் கட்டியிருக்கிறார். ஈரக்காற்று அடிக்கும்போது அங்கேயும் லேசாகக் கீச்சிடுகிறது.