தொண்டைச் சீழ்க்கட்டிக்கு இரண்டு நாள் சிகிச்சை: திருச்சி மருத்துவமனை ஒன்றின் நிறைகுறைகள்

என் தம்பிக்கு வலப்பக்க டான்சிலை ஒட்டிச் சீழ் கட்டியதால், திருச்சியில் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவமனை ஒன்றில் அவன் இரண்டு நாள் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அங்கே போவதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிட்டது. வெறும் தொண்டைவலி என்று நினைத்து, மருத்துவரைப் பார்க்காமல், தெருமுனை மருந்துக்கடையில் கொடுத்த அசித்ரோமைசின் மாத்திரைகளை மூன்று நாள் விழுங்கினான். நான்காம் நாள் இரவு எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. சுடுசோற்றை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவதைப் போலக் குரல் மாறியிருந்தது.

இரவு பத்து மணிக்கும் பணியில் மருத்துவர் இருந்தார் என்பதே இம்மருத்துவமனையின் முதல் நிறை. உள்நாக்கு இடப்பக்கம் தள்ளப்பட்டிருப்பதை விளக்கொளியில் பார்த்த உடனேயே நோயை உறுதிசெய்த அவர், கட்டி கழுத்தின் ஆழத்துக்குப் பரவியதற்கான அறிகுறி இல்லாததால் ஸ்கேன் தேவையில்லை என்றார். தேவையற்ற செலவை அவரே தவிர்த்தது எனக்கு வியப்பாக இருந்தது. பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்று இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே ஊசியைத் தொட்டார். தம்பியை நிமிர்ந்து உட்காரவைத்து, மரத்துப்போகும் மருந்தைத் தொண்டையில் தெளித்து, ஊசியின் மூடியை நுனியில் வெட்டி, ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீட்டுமாறு மாட்டிக்கொண்டார். டான்சிலுக்குப் பின்னால் கழுத்தின் பெரிய தமனி செல்வதால், ஊசி ஆழமாக இறங்கிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஏழு மில்லி சீழ் வந்தது. தேங்கிய சீழுக்குள் மருந்து போதிய அளவு ஊடுருவாது என்பதால், முதலில் அதை வெளியேற்றுவதே சிகிச்சையின் பாதி; அரைமணி நேரத்தில் தம்பி தண்ணீர் குடித்ததைப் பார்த்தபோது அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

மருந்துத் தேர்வைப் பற்றி மருத்துவர் தந்த விளக்கமும் தெளிவானது. இக்கட்டியில் பெரும்பாலும் ஒரே வகைக் கிருமி இருப்பதில்லை: தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸோடு, காற்றில்லாச் சூழலில் வளரும் ஃபியூசோபாக்டீரியம், பிரிவோடெல்லா போன்றவையும் கலந்திருக்கும். அசித்ரோமைசினுக்கு ஃபியூசோபாக்டீரியம் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. பிரிவோடெல்லா போன்ற சில கிருமிகள் பெனிசிலின் வகை மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பதால், அந்நொதியைத் தடுக்கும் கிளாவுலானிக் அமிலத்தையும் சேர்த்து அமாக்சிசிலினைக் கொடுக்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 1.2 கிராம் இரத்தக்குழாய் வழியாகவும், வீடு திரும்பிய பின் 625 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு மூன்றுமாகவும், மொத்தம் பத்து நாள். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்குக் கிளிண்டாமைசின் தருவதுண்டாம்.

ஆனால் மறுநாள் காலைப் பணிக்கு வந்த வேறொரு மருத்துவர் மெட்ரோனிடசோலையும் ஏற்றச் சொல்லிவிட்டார். காற்றில்லாக் கிருமிகளை முதல் மருந்தே பார்த்துக்கொள்ளும்போது இது எதற்கு என்று நான் கேட்ட பிறகுதான் நிறுத்தினார்கள். அதற்குள் தம்பிக்குக் குமட்டலும் வாயில் உலோகச் சுவையும் வந்துவிட்டன. பணி மாறும்போது குறிப்பேட்டை ஒழுங்காகப் படிக்கவில்லை என்றே கருதுகிறேன். சீழிலுள்ள கிருமிகளை வளர்த்து அடையாளம் காணும் வளர்சோதனையிலும் குறை உண்டு. சீழைக் காற்றுப் படாமல் அனுப்பாமல், சாதாரணக் குப்பியில் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வந்த அறிக்கையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டுமே இருந்தது. காற்றுப் பட்டால் பிழைக்காத மற்றவை இருந்தனவா என்பதை அந்த அறிக்கையை வைத்துச் சொல்ல வழியே இல்லை. அதற்கும் முழுக் கட்டணம் வாங்கினார்கள்.

செவிலியர்கள் பொறுமையானவர்கள். அறை சுத்தம், கட்டணச் சீட்டு தெளிவு. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், மூச்சுத்திணறலோ கழுத்து வீக்கமோ மீண்டும் காய்ச்சலோ வந்தால் உடனே வர வேண்டும் என்ற முக்கியமான வரியை அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன்.

பத்தாம் நாள் மறுபரிசோதனைக்குக் கட்டணம் வாங்கவில்லை. முதல்முறை வந்த கட்டி என்பதால் டான்சிலை அகற்ற வேண்டியதில்லை, மீண்டும் வந்தால் யோசிக்கலாம் என்றார்கள். இரவில் இதே தொல்லையோடு யாராவது கேட்டால் இம்மருத்துவமனைக்கே அனுப்புவேன். காலையில் ஏற்றும் மருந்துகளின் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்வேன்.