காத்து இல்லாமலே தூத்திட்டானுங்க: கைட் சர்ஃபிங் 'லைட் விண்ட் பேக்கேஜ்' எடுக்கப் போறவங்க ஒரு நிமிஷம்

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. வேளாங்கண்ணிக்கு தெக்க ஒரு கடற்கரையில கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் காத்துல இழுக்க, பலகைமேல நின்னு தண்ணில சறுக்குற வெளாட்டு) கத்துத்தர்றோம்னு ரீல்ஸ் போட்டு ஆள் புடிச்சிக்கிட்டு இருக்காங்க, பேரு இப்ப போடல, வக்கீல்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். நானும் மச்சானும் மன்னார்குடிலேர்ந்து போயி மூணு நாளு, ஆளுக்கு 18,500, மொத்தம் 37,000 அட்வான்ஸாவே ஜிபே பண்ணிட்டு, ஒரு தடவ கூட பலகைமேல நிக்காம வீடு வந்து சேந்தோம்.

ஃபோன் பண்ணப்ப நான் கேட்ட மொத கேள்வியே "பங்குனி மாசம் சார், வாடையும் போயிடுச்சு, கச்சானும் இன்னும் புடிக்கல, காத்து இருக்குமா"ன்னுதான் (வாடைன்னா வடகிழக்குக் காத்து, கச்சான்னா தென்மேற்குக் காத்து). அதுக்கு அந்த ஓனரு "அதுக்குத்தான் சார் லைட் விண்ட் பேக்கேஜே, 6 நாட்ஸ் போதும், புதுசா கத்துக்கறவங்களுக்கு மெல்லிசா காத்து இருந்தாதான் சேஃப்பு"ன்னாரு. கேக்கறதுக்கு நியாயமாத்தான இருக்கு? பாதி உண்மதான் அது, அதனாலதான் நம்பிட்டோம். அடிச்சித் தூக்குற காத்துல புது ஆளு எறங்கக்கூடாதுங்கறது நெசம். ஆனா 6 நாட்ஸ்னா மணிக்கு 11 கிலோமீட்டர், நம்ம டிவிஎஸ் எக்ஸெல் அதவிட வேகமா போவும், அந்தக் காத்துல பட்டம் மேல நிக்கறதே பெரும்பாடு. காத்து வேகம் பாதியானா இழுவை பாதியாகாதுங்க, கால்வாசி ஆயிடும். 16 நாட்ஸ்ல இழுக்குற பட்டம் 8 நாட்ஸ்ல நாலுல ஒரு பங்குதான் இழுக்கும். இதெல்லாம் பட்டு வந்த அப்பறம் தெரிஞ்சிக்கிட்டது.

மொத நாள் காலைல ஆறு மணிக்கு வரச் சொன்னாங்க. கடல் எண்ண தடவுன தோசக்கல்லு மாதிரி கெடக்கு. கத்துத்தர வந்த பையன் (20 வயசு இருக்கும், நல்ல பையன், அவன்மேல எனக்குக் கோவமில்ல) பட்டத்த விரிச்சி பம்பு அடிச்சான். அடிக்க அடிக்க எங்கயோ புஸ்ஸுன்னு சத்தம். கிட்ட போயிப் பாத்தா முன்பக்க குழாயில சைக்கிள் கடையில ஒட்டற மாதிரி சொல்யூஷன் போட்டு ஒரு ரப்பர் பட்டி, அதுக்குமேல இன்னொரு பட்டி. ஓரத்துல பெருசா 9ன்னு போட்டிருந்துச்சு. அதென்ன நம்பர் தம்பின்னு கேட்டதுக்கு மாடல் நம்பருண்ணான்னான். மாடல் நம்பராம்! அது பட்டத்தோட அளவு, 9 சதுர மீட்டர். பேக்கேஜ்ல 17ன்னு போட்டிருந்தத நான்தான் அப்ப ஞாபகம் வச்சுக்கல.

அன்னிக்கு பூரா மணல்ல நின்னுக்கிட்டு சிமுலேஷன்னு இடுப்புப் பட்டையக் கட்டி, கம்பியப் புடிச்சிக்கிட்டு வெறும் வானத்தப் பாத்து கைய ஆட்ட வச்சாங்க. பத்தர மணிக்கு பாக்கெட் மோர் குடுத்து அனுப்பிட்டாங்க.

இங்கதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆத்தாமையா இருக்கு. மத்தியானம் ரூம்ல படுத்திருக்கோம், ரெண்டு ரெண்டரைக்கு ஜன்னல் கதவு டப்பு டப்புன்னு அடிக்குது. வெளில வந்து பாத்தா கடல்லேர்ந்து நல்ல காத்து, தென்ன ஓலை அம்புட்டும் ஒரே பக்கமா படுக்குது. வெயில்ல கரை சூடாயிட்டா மத்தியானத்துக்கு மேல கடக்காத்து ஏறும், இது டெல்டாக்காரன் எவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல. எங்கப்பா களத்துல மொறத்துல ஒரு புடி பதர எடுத்து தல ஒசரத்துலேர்ந்து உட்டுப் பாப்பாரு, அது ரெண்டடி தள்ளி விழுந்தாத்தான் தூத்தவே ஆரம்பிப்பாரு, இல்லன்னா துண்ட விரிச்சிப் படுத்துருவாரு. ஓனருக்கு ஃபோன் போட்டா "சார் சாயங்காலம் ஸ்லாட் இல்ல, டீம் பனானா போட்டுக்குப் போயிருக்கு"ங்கறாரு (வாழப்பழம் மாதிரி ரப்பர் படகுல ஆளுங்கள ஏத்தி இழுத்துட்டுப் போற சவாரி). காத்து வர்ற நேரத்துல ஆளு பனானா போட்ல, காத்து இல்லாத நேரத்துல நமக்குக் கிளாஸு, அதுக்குப் பேரு லைட் விண்ட் பேக்கேஜ். ரெண்டாவது நாளும் இதே கதைதான், தனியா எழுத ஒண்ணுமில்ல.

மூணாவது நாள் நாங்க சத்தம் போட்டதால காலைல ஏழு மணிக்கு தண்ணில எறக்குனாங்க. காலைல காத்து கரைலேர்ந்து கடலப் பாத்து அடிக்கும். அந்தப் பக்கமா நண்டு வலைல சிக்கெடுத்துக்கிட்டு இருந்த பெரியவரு ஒருத்தரு "தம்பி, கரக்காத்துல பட்டத்தக் கட்டிக்கிட்டு எறங்காதீய, உள்ளுக்கு இழுத்துட்டுப் போயிரும்"னு சொன்னாரு. பையன் "ஒண்ணும் ஆவாதுண்ணா, லைட்டாதான இருக்கு"ன்னான். நெஞ்சளவு தண்ணில நிக்கறப்பவே பட்டம் ரெண்டு ஆட்டம் ஆடி தொப்புன்னு வுழுந்துச்சு. காத்தடிச்ச பட்டம் தண்ணியிலேர்ந்து எந்திரிக்கணும்னாலும் காத்து வேணும்ல, அது எந்திரிக்கல. நான் இழுக்க, அது என்னய இழுக்க, கால் தரை உட்டுப் போச்சு. நாலு லைனும் 20 மீட்டருக்கு மேல, அதுல ஒண்ணு கால்ல சுத்திக்கிச்சு. இடுப்புக்கிட்ட ஒரு செவப்புப் புடி இருக்கும், ஆபத்துன்னா அத தள்ளிவுட்டா பட்டம் இழுவ இல்லாம செத்துரும், மொத நாள் மொத பாடமே அதுதானாம், எனக்கு யாரும் அதத் தொட்டுக் கூட காட்டல. கரையில ரெஸ்க்யூ போட்டுன்னு ஒண்ணு கிடையாது. லைஃப் ஜாக்கெட் இருந்துச்சு, அந்த மட்டும் புண்ணியம். அரை மணி நேரத்துக்குக் கிட்ட மெதந்தேன், அந்த நண்டு வலைப் பெரியவருதான் பக்கத்து ஃபைபர் போட்ட எழுப்பிக்கிட்டு வந்தாரு. அவரு காசே கேக்கல. ஆனா ஓனரு பில்லுல 'போட் சார்ஜ் 4,000'.

அதோட முடியல. பட்டம் கிழிஞ்சிருச்சாம், 12,000 குடுங்கங்கறாங்க. எங்க ரெண்டு பேரு ஒரிஜினல் லைசென்ஸும் மொத நாளே டெபாசிட்டுன்னு வாங்கி வச்சிருந்தாங்க. கடைசில பேரம் பேசி 6,000 குடுத்துதான் லைசென்ஸ மீட்டுக்கிட்டு வந்தோம், அடகுக் கடையில நகைய மீட்டாப்புல. அந்தப் பழைய ரப்பர் பட்டியக் காட்டி இது முன்னாடியே ஓட்டதான சார்னு கேட்டேன். "நீங்க 86 கிலோ சார், உங்க வெயிட்டுக்கு தாங்கல"ன்னாரு. பணம் திருப்பிக் கேட்டதுக்கு "காத்துக்கு நான் கேரண்டி குடுக்க முடியுமா"ன்னாரு. மொதல்ல 6 நாட்ஸ் போதும்னு கேரண்டி குடுத்ததே நீதானய்யா!

அப்பறம் ராமேஸ்வரம் பக்கம் ரொம்ப வருஷமா கத்துக்குடுக்குற ஒருத்தர்கிட்ட ஃபோன்ல பேசுனேன். ஃபோன எடுத்ததும் அவரு கேட்டது "உங்க எடை என்ன"ன்னுதான். எனக்கு 12 மீட்டர் பட்டம்னா 15 நாட்ஸ் பக்கம் வேணும்னாரு. 9, 10 நாட்ஸ்ல ஓட்டறது பொய் இல்ல, அதுக்குன்னு 17 மீட்டர் மாதிரி எடை கம்மியான பெரிய பட்டம், கதவு மாதிரி அகலப் பலகை, இல்லன்னா அடியில கத்தி மாதிரி இறக்கை வச்ச ஃபாயில் பலகை வேணும், அதுவும் பட்டத்த ஓயாம மேலயும் கீழயும் வீசி அதுக்குத் தேவையான காத்த அதுவே உண்டாக்கிக்கத் தெரிஞ்ச கைக்குத்தான் வரும்னாரு. சுருக்கமா சொன்னா கம்மிக் காத்துங்கறது தேர்ந்தவங்க வெளாட்டு. அந்த ஃபாயிலும் முத்துப்பேட்டை லகூன் மாதிரி ஆழமில்லாத சேத்துத் தண்ணில ஆவாது, தண்டு அடியில குத்தி நின்னுரும். ராமேஸ்வரத்துல ஏன் ஸ்கூலு நடக்குதுன்னா தீவுக்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, வாடையானாலும் கச்சானானாலும் ஏதோ ஒரு பக்கம் தோதா இருக்கும். கடைசியா அவரு "கரக்காத்துல எறக்குனாங்களா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு.

அதனால யாராச்சும் போறதா இருந்தா காசு போடறதுக்கு முன்னாடி பட்டம் எத்தன மீட்டருன்னு போட்டோ வாங்குங்க, கிளாஸ் எத்தன மணிக்குன்னு கேளுங்க (காலைல ஆறுன்னா ஓடிருங்க), போட்டு நிக்குதான்னு கேளுங்க, காத்து இல்லன்னா பணம் வாபஸா வேற நாளான்னு வாட்ஸாப்லயாவது எழுதி வாங்கிக்கோங்க. ஒரிஜினல் எதையும் குடுக்காதீங்க. நான் 1915க்கு ஃபோன் பண்ணி நுகர்வோர் புகார் பதிஞ்சிட்டேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயும் போடப் போறேன், நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டு, பில்லு, அந்த ரப்பர் பட்டி போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கு. வேற யாராச்சும் இதே எடத்துல மாட்டியிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, சேந்து போடலாம்.

நேத்து மச்சான் அவங்க பேஜ்லேர்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புனான். மொத நாள் எடுத்தது, மணல்ல பட்டத்தப் புடிச்சிக்கிட்டு நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன், மேல 'ஹாப்பி கஸ்டமர், பெர்ஃபெக்ட் விண்ட்'னு எழுதியிருக்கு. எனக்குப் பின்னாடி கரையேத்தி வச்சிருக்குற ஃபைபர் போட்டுல ஒரு கொடி கட்டியிருக்கு பாருங்க, புழிஞ்சிப் போட்ட துண்டு மாதிரி கம்போட ஒட்டித் தொங்குது.